வீட்டுக் குரல்

சுகந்தி தன் கணவரிடம் அணில் குரலில் பேசத் தொடங்கி ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போய்விட்டன. கொஞ்சலுக்காக அல்ல. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நாற்காலி கொடுக்கும் கலைஞர், தன் சொந்தச் சமையலறையில் நின்றுகொண்டு, "என்னங்க, மோட்டார் போட்டீங்களா?" என்பதைக் குழந்தைகள் கார்ட்டூனில் வரும் அணிலின் கீச்சுக் குரலில் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டால்தான் தணிகாசலத்தின் காதில் விழும்.

சொந்தக் குரலில் கேட்டால் விழாது. மெதுவாகச் சொன்னாலும் விழாது, தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது. குக்கர் விசில் விழும். எதிர் ஃபிளாட் நாய் விழும். கீழே இஸ்திரி வண்டிக்காரர் துணியை உதறும் சத்தம்கூட விழும். உலகத்தில் இருக்கிற அத்தனை சத்தங்களிலும் சுகந்தியின் குரல் ஒன்றுதான் அவருக்குக் கிடையாது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, "அந்த மெஷின் எங்க கிடைக்கும்னு எனக்கும் சொல்லுங்க மேடம்" என்றார். அன்றிலிருந்து அவர் வணக்கம் சொன்னால்கூட சுகந்தி பதிலுக்குச் சொல்வதில்லை.

தணிகாசலம் மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் பாறையை அரைக்கும் அந்தச் சத்தம் அவருடைய வலது காதை முழுசாகத் தின்றுவிட்டு, இடது காதில் கொஞ்சம் மிச்சம் வைத்தது. அந்த மிச்சத்தை வேலை செய்ய வைக்கக் கம்பெனி இன்ஷூரன்ஸில் ஒரு பெட்டி பொருத்தினார்கள். பெட்டி என்பது பழைய பேச்சு. டிவிக்கு அடியில் கறுப்பாக உட்கார்ந்திருந்த கேம் கன்சோல் எல்லாம் போய், காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கிற பொத்தானும் மூக்கில் மாட்டுகிற கண்ணாடியுமாக ஆகி வெகு காலமாகிவிட்டது. ஜனங்கள்தான் இன்னும் பெட்டி என்கிறார்கள்.

காது கேட்க விளையாட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்டால், அதுதான் மலிவு. பெட்டியை ஏறக்குறைய சும்மா கொடுத்துவிட்டு, விளையாட்டுகளை விற்றுச் சம்பாதிப்பது கம்பெனிகளின் வழக்கம். காது மிஷினைவிட அது நன்றாகக் கேட்கவும் வைத்தது. ஆக, ஒரு நாளும் ஒரு கேமும் ஆடாத தணிகாசலத்தின் மண்டையில் பெல்மிரா கம்பெனியின் பெட்டி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊரில் பாதிப் பேரிடம் பெல்மிரா இருந்தது. மீதிப் பேரிடம் ட்ரோகான். இரண்டும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாத கம்பெனிகள்.

சுகந்தி குரல் கொடுத்தது ட்ரோகானுக்கு.

டப்பிங் தொழிலில் இருப்பவர்கள் குரலை இரண்டாகப் பிரிப்பார்கள். தொழிலுக்குச் செய்துகொள்கிற குரல் செய்த குரல். அணில், வில்லி, செய்தி வாசிப்பவள், பதினாறு வயதுக் கதாநாயகி எல்லாம் செய்த குரல்கள். மைக்கை விட்டு வெளியே வந்து, "டீ சொல்லுப்பா" என்று கேட்கும்போது வருவது வீட்டுக் குரல். அதை விற்க மாட்டார்கள். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் சுகந்திக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் விற்றதில்லை, அவளும் விற்றதில்லை. நகுலேஷ் என்ற ட்ரோகானின் கேம் டைரக்டர் வரும் வரைக்கும்.

"இதெல்லாம் செஞ்ச குரல் மேடம்" என்றான் அவன், அவள் வரிசையாகப் பேசிக் காட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு. "எனக்கு இது வேணாம். வீட்டுல சாரத் திட்டுவீங்கல்ல, அந்தக் குரல் குடுங்க."

"அது நல்லா இருக்காதுப்பா. கரகரன்னு இருக்கும்."

"அதான் மேடம் வேணும்."

கொடுத்திருக்கக் கூடாது. அது இப்போது தெரிகிறது. ஆனால் முப்பது வருஷமாக யார் யாருடைய உதட்டுக்கோ வாயசைத்துக் கொண்டிருந்தவளிடம் முதல் தடவையாக ஒருவன் வந்து, நீங்க நீங்களாகவே பேசினால் போதும் என்கிறான். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்தாள், கையெழுத்தும் போட்டாள்.

அந்த கேமில் ஆடுகிறவர்தான் ஒரு ஓட்டைச் சரக்குக் கப்பலின் கேப்டன். கப்பலே பேசும். அதற்குப் பெயர் கப்பல் அக்கா. சுகந்தி பேசிக் கொடுத்த வரிகளை வைத்துக்கொண்டு, அது தானாகப் புது வரிகள் பேசக் கற்றுக்கொண்டது. நாம் என்ன சொன்னாலும் கேட்கும், பதில் சொல்லும், முக்கியமாகத் திட்டும். "சாப்ட்டியா? சாப்புடாம எதுக்கு நங்கூரத்தத் தூக்குற? போய் சாப்ட்டுட்டு வா, கப்பல் எங்கயும் போயிடாது." ஹாஸ்டல் பிள்ளைகளும் வெளியூரில் வேலைக்குப் போனவர்களும் திட்டு வாங்குவதற்கென்றே காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தத் தீபாவளிக்கு ட்ரோகான் பெட்டிகள் கடையில் கிடைக்கவில்லை.

கேம் வெளியான அன்று மத்தியானம் சுகந்தி சாம்பார் ஊற்றிக்கொண்டே ஏதோ சொன்னாள். தணிகாசலம் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார்.

"என்ன, வாய மட்டும் அசைக்கிற?"

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் காதுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார். "பேட்டரி போயிருக்கும்" என்றார். ஆனால் மின்விசிறியின் சத்தம் கேட்கிறது என்றார், ரேடியோ கேட்கிறது என்றார். தட்டில் கரண்டியால் தட்டிப் பார்த்து அதுவும் கேட்கிறது என்றார். சுகந்திக்கு எரிச்சல் வந்தது. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வடபழனி சர்வீஸ் சென்டரில் பெட்டியைச் சோதித்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்கு, மேடம்தான் பிளாக் ஆகியிருக்காங்க" என்றார்கள். பிறகு பெல்மிராவின் கஸ்டமர் கேர். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பெண் குரல். அது கோடம்பாக்கம் விஜயசாந்தாவின் செய்த குரல், சுகந்திக்குத் தெரியும், அவளிடமே நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கடைசியில் ஒரு பையன் வந்தான். பெயர் ரேவந்த் என்றான்.

"ரெண்டு கம்பெனிக்கும் கோர்ட்டுல ஒரு சமரசம் ஆச்சு மேடம். எங்க கேம்ல வர்ற குரல் அவங்க பெட்டில கேக்கக் கூடாது. அவங்களுக்கு மட்டும்னு எழுதி வாங்கின எக்ஸ்க்ளூசிவ் குரல் எங்க பெட்டில கேக்கக் கூடாது. முன்னாடி என்ன பண்ணாங்கன்னா, ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டு ஆடுவாரு, பக்கத்துல இருக்கறவரோட பெட்டி அத அப்படியே புடிச்சிக் காப்பி பண்ணிடும். அத நிறுத்தத்தான் இது."

"நான் ஸ்பீக்கர் இல்லப்பா. நான் பொண்டாட்டி."

"புரியுது மேடம். ஆனா சத்தம் காத்துலதான வருது. ஸ்பீக்கர்லேர்ந்து வந்துச்சா, உங்க தொண்டைலேர்ந்து வந்துச்சான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடில எழுத்தா வருமா? நான் பேசறது?"

"எழுத்தா வந்தா அது அவங்க வசனத்தக் காப்பி பண்ற மாதிரி ஆயிடும் மேடம்."

"மோட்டார் போட்டீங்களான்னு கேக்குறது அவங்க வசனமா?"

ரேவந்த் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றான். அவன்மேல் கோபப்பட்டு என்ன பண்ணுவது. அவனுக்கு எழுதிக் கொடுத்ததை அவன் படிக்கிறான். ஆனாலும் சுகந்தி போனை மேஜைமேல் போட்டதில் திரை விரிசல் விட்டது.

அணில் குரல் தற்செயலாகக் கிடைத்தது. ஆத்திரத்தில் அவர் முன்னால் நின்று, "இப்பவாவது கேக்குதா?" என்று அணில் மாதிரி கீச்சிட்டாள். தணிகாசலம் துள்ளி எழுந்து, "கேக்குது, கேக்குது" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நன்றாக இல்லை. அணில் குரலில் காய்கறி வாங்கி வரச் சொல்லலாம், சண்டை போட முடியாது. பாதி வாக்கியத்தில் அவர் சிரித்துவிடுவார். சீரியலில் பேசிய வில்லி மாமியாரின் குரலை எடுத்தால் சண்டை நன்றாக வந்தது, ஆனால் அவள் நினைத்ததைவிடப் பத்து மடங்கு வந்தது. "இன்னைக்கு ரசம் போதுமா?" என்று கேட்டாலே விஷம் கலந்தது போல இருந்தது. செய்தி வாசிக்கும் குரலில் பேசினால் அவர் ஆபீசில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார். பதினாறு வயதுக் கதாநாயகியின் குரலை ஒரே ஒரு நாள் முயற்சி செய்தாள். இரண்டு பேருக்குமே கூச்சமாகிப் போய், அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு எத்தனை நாள் மெசேஜ் அனுப்புவது?

வெளியே இறங்கினால் அதைவிடக் கொடுமை. ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், சிக்னலில் எங்கே பார்த்தாலும் அவள் குரல். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "அக்கா செம்ம காண்டுல இருக்குடா" என்று பையன்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் எவன் எவனையோ சாப்பிட்டாயா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தணிகாசலம் மட்டும் ஒன்றும் கேட்காமல் நிம்மதியாக நடந்தார். சுகந்திக்குச் சிக்னலில் நின்று அழலாம் போல இருந்தது, ஆத்திரத்தில்தான்.

ஆவணியில் அவருடைய தம்பி பரணி இறந்துபோனார். வேலூரில் இருந்தவர். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பரணி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் கூரியரில் அனுப்பினார் என்பதுதான் காரணம். "கூடப் பொறந்தவனுக்குக் கூரியரா?" என்று தணிகாசலம் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் போகாததால் பரணி பேசவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார்.

செய்தி வந்ததும் தணிகாசலம் சோபாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல அவளிடம் அணிலும் வில்லியும் செய்தி வாசிப்பவளும் இருந்தார்கள். தம்பி செத்துப்போனவரிடம் அணில் குரலில் என்ன சொல்ல முடியும்? அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். காரில் வேலூர் போகும் வழியெல்லாம் பேசாமல் இருந்தாள். அவரும் பேசவில்லை. காரியம் எல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவளும் அதை எந்தக் குரலில் எடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். அப்படி விட்டதுதான் அவளை விடாமல் உறுத்தியது.

அடுத்த வாரம் தரமணியில் இருக்கும் ட்ரோகான் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் கப்பல் அக்காவின் ஆளுயரப் படம் இருந்தது. சுகந்தி போல இல்லை, இருபத்தைந்து வயதுப் பெண் போல வரைந்திருந்தார்கள். பிரியம்வதா என்ற மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எங்க பாட்டி இறந்த அன்னைக்கு நான் உங்க கப்பல்லதான் இருந்தேன். நீங்க பேசினது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?"

"நான் பேசலம்மா" என்றாள் சுகந்தி. "நான் எங்க வீட்டுல ஒரு துக்கம் நடந்தப்பகூடப் பேசல. அதுக்குத்தான் வந்திருக்கேன். என் குரல எனக்குக் குடுங்க. ஒப்பந்தத்த ரத்து பண்ணுங்க."

பிரியம்வதாவின் முகம் நிஜமாகவே வாடியது. "ரத்து பண்ணாலும் குரல் கேம்ல இருக்குமே மேடம். கேம் எங்ககிட்ட மட்டும் இருக்கற வரைக்கும் பிளாக்கும் இருக்கும். ஆனா வேற ஒண்ணு பண்ணலாம். சாருக்கு எங்க பெட்டிய மாத்திடலாம். சின்ன ஆபரேஷன்தான், எல்லாச் செலவும் எங்களோடது. மறுநாளே உங்க குரல் கேக்கும்."

சுகந்திக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை மாதமும் இதை ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டாள். பிரியம்வதா திரையில் தணிகாசலத்தின் விவரங்களை நிரப்பிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"குடும்பத்துல நிறைமதின்னு இருக்கே. பெல்மிரா கபடி கேம்ல கமெண்ட்ரி சொல்ற நிறைமதியா?"

"எம் பொண்ணுதான்."

"அவங்க குரல் பெல்மிராவோட எக்ஸ்க்ளூசிவ் மேடம். எங்க பெட்டில கேக்காது."

மகளைப் பெல்மிராவில் சேர்த்துவிட்டதே சுகந்திதான். டப்பிங் குடும்பங்களில் அது ஒரு பழக்கம். புருஷனும் பெண்டாட்டியும், அம்மாவும் பெண்ணும் ஒரே சேனலில், ஒரே கம்பெனியில் குரல் கொடுக்க மாட்டார்கள். கம்பெனி ஊற்றி மூடினால் ஒரே நாளில் வீடு மொத்தமும் வேலை இல்லாமல் நிற்கும் என்ற பயம். நல்ல புத்திதான். "நான் ட்ரோகான்ல இருக்கேன், நீ அந்தப் பக்கம் போ" என்று சொல்லி, கபடி கமெண்ட்ரிக்கான குரல் தேர்வுக்கு மதியை அவளே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். நன்றாக யோசித்து, நிதானமாக, குடும்பத்தை நடுவில் வெட்டி இரண்டு கம்பெனிக்கும் பாதிப் பாதி கொடுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். சுகந்தி செய்தி வாசிக்கும் குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு காதுலயும் ஒண்ணொண்ணு வெச்சா?" என்றார் தணிகாசலம்.

"வலது காதுல நரம்பே இல்லன்னு டாக்டர் சொன்னாருல்லப்பா" என்றாள் மதி. அவளுக்கு அந்த ஒரே குரல்தான். கணீரென்ற, மைதானத்தின் கடைசி வரிசை வரை போகிற குரல். "நீங்க மாத்திக்கங்கப்பா. நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்றேன். நான் டைப் பண்ணிக்கறேன். அம்மா கூடத்தான நீங்க நாள் பூரா இருக்கணும்?"

தணிகாசலம் மகளையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று சுகந்தி காத்திருந்தாள். மகள் முன்னால் அப்படி ஆசைப்படுவது தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் ஆசைப்பட்டாள்.

"வேணாம்மா" என்றார் கடைசியில். "உங்கம்மா எப்படியாவது, ஏதாவது ஒரு குரல்ல பேசிடுவா. அவளுக்கு நூறு குரல் வரும். உனக்கு இருக்கறது ஒண்ணு. அதப் போய் விட முடியுமா?"

நியாயமான பேச்சு. அப்பா என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். சுகந்தியும் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பவும் எடுத்துக் கழுவினாள். தொழிலைக் கொஞ்சம் மோசமாகக் கற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்குப் புருஷன் தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, வீட்டுக் குரலில் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

ஒப்பந்தப்படி எக்ஸ்க்ளூசிவ் ஒரு வருஷத்தில் முடிய வேண்டும். கேம் நன்றாக ஓடியதால் நீட்டித்தார்கள். நீட்டிப்பதற்கு வழி ஒப்பந்தத்திலேயே இருந்தது. பிறகு ஒரு நாள் அவர்களாகவே மனசு மாறினார்கள். சுகந்திக்காக அல்ல. ட்ரோகான் பெட்டி வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் வாங்கி முடித்துவிட்டார்கள், இனி பெல்மிராக்காரர்களிடமும் கேமை விற்றால்தான் லாபம் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். பொங்கலன்று கப்பல் அக்கா பெல்மிரா பெட்டிகளுக்கும் வருகிறாள் என்று விளம்பரம் வந்தது. அதோடு பிளாக்கும் போய்விடும் என்று பிரியம்வதா போன் செய்து சொன்னாள். சொல்லும்போது அவளே அழுதுவிட்டாள்.

தணிகாசலத்திடம் விஷயத்தைச் சொன்னது அணில்தான். "பொங்கலன்னிக்கா?" என்று அவர் காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதிலிருந்து சுகந்திக்கு ஒரே யோசனை. முதல் வாக்கியம் என்ன பேசுவது? பொங்கல் வாழ்த்தா? மோட்டார் போட்டீங்களாவா? எல்லாவற்றுக்கும் முன்னால் பரணி விஷயத்தைத்தான் பேச வேண்டும். அன்றைக்கு ஆவணியில் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, மிச்சத்தை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குளிக்கும்போதும் கறிவேப்பிலை உருவும்போதும் மனசுக்குள் அந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். டப்பிங்குக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறதே என்று பயந்து நிறுத்தினாள்.

போகி அன்று காலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க மார்க்கெட் போனாள். கரும்புக்காரன் சொன்ன விலையில் அவளுக்குத் தலை சுற்றியது. கூட்டத்தில் இடிபட்டு, ஆட்டோ கிடைக்காமல், கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மதி கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அம்மா, ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சு. காலைல அப்பா பெட்டில இறங்கியிருந்தது. நான்தான் கேமப் போட்டுக் குடுத்தேன். நீ போனதுலேர்ந்து அப்பா கப்பல்லதான் இருக்காரு."

"பிளாக்கு?"

"அதுவும் போயிருக்கும்மா, ரெண்டும் ஒண்ணாத்தான் போகும். அப்பாவுக்கு அது தெரியாது. கேம் மட்டும் வந்திருக்குன்னு நெனச்சிட்டிருக்காரு. நான் சொல்லல. நீயே போய்ப் பேசு."

சுகந்தி கரும்பைச் சுவரில் சாத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மைக் முன்னால் நிற்கப் போகிறவள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

தணிகாசலம் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாட்டியிருந்தார். அவருக்கு முன்னால் கடல் இருந்திருக்கும். சுகந்திக்குத் தெரிந்தது எதிர் ஃபிளாட்டின் கொடியில் காயும் லுங்கிதான். அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார், கவனமாகக் கேட்பார், தலையை ஆட்டுவார். அவர் காதுக்குள் சுகந்தியின் குரல் பேசிக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று சுகந்திக்குக் கேட்கவில்லை.

"என்னங்க" என்றாள். சொந்தக் குரலில், கரகரவென்று.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் இருங்கக்கா, சொல்லிட்டுத்தான இருக்கேன். எங்க வீட்டம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. வந்துட்டான்னா அணில் மாதிரி ஆரம்பிச்சிடுவா, பாவம். அதுக்குள்ள இத முடிச்சிடறேன்."

சுகந்திக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்த எரிச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே எறிய வேண்டும் என்று இரண்டு எட்டு வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"பரணிக்கு வயித்துல கட்டின்னு எனக்கு முன்னாடியே தெரியுங்கக்கா" என்றார் தணிகாசலம்.

சுகந்தி நின்றாள்.

"அவன் சம்சாரம் போன் பண்ணி சொன்னா. இங்க வீட்டுல நான் அதச் சொல்லல. சொன்னா கெளம்புங்கன்னு சொல்லுவா. போகணும்னு ஆயிடும். எனக்கு அவன் கூப்புடணும்னு இருந்துச்சு. அவன் கூப்பிட்டா அன்னைக்கே ஓடியிருப்பேன். சட்டையெல்லாம்கூட எடுத்து வெச்சிருந்தேன், தெரியுமா? பை ஒண்ணு கட்டிலுக்கு அடியிலயே இருந்துச்சு. அவன் கூப்புடல." அவர் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் மாட்டினார். "யார்கிட்டயும் சொல்லலக்கா. வீட்டம்மாகிட்ட சொல்லலாம்னா, அது அந்தக் குரல்ல என்ன சொல்லுமோன்னு பயமா இருந்துச்சு. கெட்டவ இல்ல. ஆனா அந்தக் குரல்ல இதக் கேக்க முடியாது."

கூடத்தில் மதி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அவளுக்கு அங்கிருந்து அப்பா பேசுவது கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று ஜாடையில் கேட்டாள். சுகந்தி அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"நான் போயிருக்கணும் இல்லக்கா?" என்று கேட்டார் தணிகாசலம். கேட்டுவிட்டுப் பதிலுக்காகத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

கப்பல் பதில் சொல்வதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள்.

"போயிருக்கணும்" என்றாள். "அவரும் கூப்பிட்டிருக்கணும். நீங்க பைய எடுத்து வெச்சுட்டுக் காத்திருந்த மாதிரி அவரும் அங்க போனப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்திருப்பாரு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு. பாசம் இல்லாம இல்ல. அழுங்க, பரவாயில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

தணிகாசலத்தின் தோள்கள் குலுங்கின. ஆவணியில் அழ வேண்டியதை அவர் போகியன்று அழுதார். சுகந்தி கையை நீட்டி அந்தத் தோளுக்குக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சினார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார், கடலைப் பார்த்தபடி.